எல்லாரும் ராக்ஸ்டார் என்றால் எப்படி?

கைத்தட்டல் கொஞ்சம் பலமாக விழுந்தால் போதும், எந்த நாட்டு அரசியல்வாதியாக இருந்தாலும் மறுநாள் செய்தியில் அவர் ‘ராக்ஸ்டார்’. ஆள் இளமையாக, தலை கலையாமல் இருந்தால் ‘ஹாலிவுட் ஹீரோ மாதிரி’. பிடிக்காதவர் என்றால் ‘ரியாலிட்டி ஷோ கோமாளி’. எழுதுகிறவர்களுக்கு அலுக்கவே அலுக்காதா?

2023 மே மாதம் சிட்னியில் மோடி பேசிய கூட்டம் நினைவிருக்கும். அதே அரங்கில் பாடிய புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்குக்கூட இப்படி வரவேற்பு கிடைக்கவில்லை என்று சொன்ன ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்பனீசி, அந்தப் பாடகரின் பட்டப்பெயரையே எடுத்து மோடிக்குச் சூட்டினார்: ‘பாஸ்’. விருந்தாளியை மேடையில் உயர்த்திப் பேசுவது உபசாரம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கே பார்த்தாலும் அந்த ‘பாஸ்’தான் தலைப்பு. மாணவர்களும் பட்டதாரிகளும் ஆய்வாளர்களும் இரு நாடுகளுக்கிடையே போய்வருவது பற்றிய ஏற்பாடு கையெழுத்தானதும் அதே பயணத்தில்தான். விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இதில் எது செய்தி?

திட்டுவதற்கும் இதே சரக்குதான். 2008இல் ஒபாமா பெர்லினில் பெருங்கூட்டத்தின் முன் பேசிவிட்டுத் திரும்பியதும் அதிபர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் தரப்பு ஒரு விளம்பரம் விட்டது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ், டிவி பிரபலம் பாரிஸ் ஹில்டன் முகங்கள் மின்னி மறையும். ஒபாமா பெரிய பிரபலம்தான், ஆள்வதற்குத் தயாரா என்று குரல் கேட்கும். கேள்வி நியாயமானதே. எண்ணெய், வரி பற்றியும் அதில் வந்தது. ஊர் முழுக்கப் பேச்சானது என்னவோ அந்த இரண்டு பெண்கள்தான். (பாரிஸ் ஹில்டன் பதிலுக்கு ஒரு கேலி வீடியோ விட்டு, அதில் எரிசக்திக் கொள்கை பேசினார்! அந்த ரகளையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.)

நம் பக்கம் விஜயகாந்துக்குக் ‘கருப்பு எம்.ஜி.ஆர்’ என்று பெயர். அன்பில் வந்த பெயர், இருக்கட்டும். 2006இல் தனியாக நின்றபோது கட்சிக்குக் கிடைத்தது அவருடைய ஒரே தொகுதி. 2011இல் அதிமுக கூட்டணியில் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. இரண்டு தேர்தலிலும் அவர் அதே ‘கருப்பு எம்.ஜி.ஆர்’தான், மாறியது கூட்டணிக் கணக்கு. அதை அந்தப் பட்டம் சொல்லுமா?

சினிமாவிலிருந்தே வந்தவர்களை அப்படிச் சொல்லலாமே என்பீர்கள். ரீகன் நடிகர்தான். ஆனால் அதிபராவதற்கு முன்பே கலிபோர்னியாவில் எட்டு வருஷம் ஆளுநராக இருந்தவர். ‘நடிகர் அதிபர்’ என்று எழுதிவிட்டால் அந்த எட்டு வருஷத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.