ஸ்வீடனில் ‘அவன்’, ‘அவள்’ தடை செய்யப்பட்டதா?

“ஸ்வீடனில் இனி ‘அவன்’, ‘அவள்’ என்று சொன்னால் அபராதம், எல்லோரையும் ‘ஹென்’ என்றுதான் சொல்ல வேண்டும்” என்று ஒரு பார்வர்டு சுற்றுகிறது. இது பொய். அப்படி ஒரு சட்டம் அங்கே இல்லை.

நடந்தது இதுதான். 2015-இல், ஸ்வீடிஷ் மொழிக்கு அகராதிகள் வெளியிடும் ஸ்வீடிஷ் அகாதெமி தன் சொற்பட்டியலின் 14-ஆம் பதிப்பில் ‘ஹென்’ என்ற சொல்லைச் சேர்த்தது. ‘ஹன்’ (அவன்), ‘ஹூன்’ (அவள்) இரண்டும் அதே பட்டியலில் அப்படியே இருக்கின்றன. அகராதியில் ஒரு சொல் ஏறுவது வேறு, சட்டம் வருவது வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

‘ஹென்’ இரண்டு இடங்களில் வரும்: ஒருவரின் பாலினம் தெரியாதபோது அல்லது சொல்லத் தேவையில்லாதபோது; அடுத்து, ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாதவரைக் குறிக்கும்போது. உடைமைக்கு ‘ஹென்ஸ்’. நமக்கு ‘அவர்’ இருப்பதால் இது எளிதாகவே புரியும். பின்னிஷ் மொழியின் ‘ஹேன்’, துருக்கியின் ‘ஓ’ ஆகியவற்றில் ஆண்பால், பெண்பால் பிரிவே கிடையாது. அந்த மொழிகள் எதையும் இழந்துவிடவில்லை.

அகாதெமியின் இணைய அகராதி இலவசம். மூன்று சொற்களையும் நீங்களே தேடிப் பார்க்கலாம். அந்த பார்வர்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.