தடை உத்தரவு முந்தின இரவே வந்திருக்க வேண்டும்

2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரைப் புதைத்த பனிப்புயலைப் பற்றிப் பேச்சு வந்தால், "இயற்கையை எதிர்த்து யார் என்ன செய்ய முடியும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 47 பேர் இறந்தார்கள். பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றே நம்புகிறேன்.

பஃபலோவுக்குப் பனி புதிதல்ல. ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் ஊர். டிசம்பரில் ஏரி பெரும்பாலும் உறைந்திருக்காது. குளிர்ந்த காற்று அந்த நீர்ப்பரப்பின் நீளம் முழுக்கக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். 1977 ஜனவரியில் நடந்தது வேறு மாதிரி. அந்த வருடம் ஏரி சீக்கிரமே உறைந்துபோய், அதன்மேல் வாரக்கணக்கில் பனித்தூள் சேர்ந்திருந்தது. காற்று அதை வாரி ஊர்மேல் போட்டது. புதிதாகப் பெய்தது ஓரடி அளவுதான், ஆனாலும் 29 பேர் இறந்தார்கள். அப்படி அனுபவப்பட்ட ஊர் இது!

2022இல் சுமார் 52 அங்குலம் பனி. 37 மணி நேரம் விடாமல் பனிப்புயல். கண்ணுக்கு எதுவும் தெரியாத வெண்மை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பனி அள்ளப் போன வண்டிகள்கூட நடுத்தெருவில் சிக்கின. துணைமின் நிலையங்கள் உறைந்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் ஹீட்டர் நின்றது. சிலர் காருக்குள்ளேயே இறந்தார்கள், சிலர் தெருவில், சிலர் குளிர்ந்துபோன சொந்த வீட்டில்.

ஆனால் வானிலை மையம் பல நாள் முன்பே, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று எச்சரித்துவிட்டது. கணிப்பும் தப்பவில்லை. அப்படியிருந்தும் பஃபலோ அடங்கிய ஈரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாகனத் தடை அமலுக்கு வந்தது டிசம்பர் 23, வெள்ளி காலை 9.30க்கு. அதற்குள் காலை ஷிப்ட்காரர்கள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வீடு திரும்பட்டும் என்று காத்திருந்ததாகக் கவுண்டி தலைவர் மார்க் பொலன்கார்ஸ் விளக்கினார். அந்தக் கரிசனம் புரிகிறது, முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மாதம் முன்பு, நவம்பர் புயலின்போது இதே நிர்வாகம் இரவு 9 மணிக்கே தடை போட்டதே!

எச்சரிக்கை மட்டும் யாருக்குப் போதும்? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு, ஃபிரிட்ஜ் நிறையச் சாமான் வைத்திருப்பவருக்கு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அரசாங்கமே தெருவை மூடினால்தான் முதலாளியிடம் "வர முடியாது" என்று சொல்ல வாய் வரும். பஃபலோ நகருக்குள் இறந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு மூன்றில் ஒன்றுதான். அவர்கள் அதிகம் வாழும் கிழக்குப் பகுதியில் பெரிய மளிகைக் கடையே அரிது. அதே வருடம் மே மாதம், அங்கிருந்த ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இனவெறியன் ஒருவன் 10 பேரைச் சுட்டுக்கொன்றிருந்தான். அந்தக் காயம் ஆறும் முன்பே இதுவும்.

பஃபலோவை ஒட்டிய சீக்டவாகாவில் காரோடு சிக்கிய ஒருவர், பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து இருபதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே அழைத்துப்போய்க் காப்பாற்றினார். மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் எழுதி வைத்தார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? புயல் வரும் என்று தெரிந்தபின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பள்ளியைத் திறந்து, ஜெனரேட்டரும் போர்வையும் வைத்திருக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை. தடையை முந்தின இரவே போட வேண்டும். அன்றைய கூலியையும் சட்டம் போட்டுக் கொடுக்க வைக்க வேண்டும். இந்த மூன்றும் எழுத்தில் வரும்வரை அந்த ஊர் மக்கள் கவுண்டியை விடக்கூடாது.