சூப்பர்னு சொல்லாதீங்க, எங்க உறுத்துதுன்னு சொல்லுங்க

நாலு மாதம் உழைத்து ஒரு கிழவியின் தலையைச் செய்து முடித்தேன். கணினியில் செதுக்கிய, தோள் வரைக்குமான முப்பரிமாணச் சிற்பம். போர்ட்ஃபோலியோவைத் திறந்ததும் முதலில் இதுதான் கண்ணில் பட வேண்டும் என்று வைராக்கியமாகச் செய்தது. தோலில் ஒவ்வொரு துளையும் தெரியும். முடியை இழை இழையாக நட்டிருந்தேன். விளக்கு வைத்து, ரெண்டர் (மாடலைக் கணினி தீட்டித் தரும் இறுதிப் படம்) எடுத்து, எங்கள் ஐந்து பேர் குழுவில் போட்டுவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். மூன்று பேர் "செம", "வேற லெவல்", "சூப்பர்டா" என்றார்கள். நான்காமவள் மட்டும் சற்று நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தப் பாட்டி வாழ்க்கையில ஒரு தடவையாவது சிரிச்சிருக்காங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு மாத வேலையைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வியா இது? பதில் போடாமல் மடிக்கணினியை மூடிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து திரும்பத் திறந்து பார்த்தால், அவள் கேட்டது சரிதான்.

அந்தச் சுருக்கங்களை நான் செய்யவே இல்லை, ஒட்டியிருந்தேன். ஆல்ஃபா என்று சொல்வோமே, தோலின் மேடுபள்ளத்தைக் கறுப்பு வெள்ளையில் பதிந்த படங்கள், அவற்றை முத்திரை குத்துவதுபோல நெற்றியில் ரெண்டு, கன்னத்தில் நாலு என்று குத்தித் தள்ளியிருந்தேன். முகச் சுருக்கம் அப்படி விழுவதில்லை. அடியில் இருக்கிற தசையின் நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதற்குக் குறுக்கேதான் மேல்தோல் மடியும். நெற்றித் தசையின் நார்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, அதனால் நெற்றிக் கோடுகள் கிடையாக விழுகின்றன. கண்ணைச் சுற்றியிருப்பது வளையத் தசை, அதனால் கடைக்கண்ணில் சுருக்கங்கள் விசிறிபோல விரிகின்றன. உதட்டைச் சுற்றியும் இதே கதைதான். ஒருத்தி வாழ்நாளெல்லாம் எதற்கு முகம் சுளித்தாள், எதற்குப் புருவம் உயர்த்தினாள் என்பதன் வரவுசெலவுக் கணக்கு அந்தக் கோடுகளில் இருக்கும். என் கிழவியிடம் கோடுகள் மட்டும் இருந்தன, கணக்கு இல்லை.

இது புரிந்தபோது வேலை முடிந்துபோயிருந்தது. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

சக மாணவர்களின் விமர்சனம் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் யாரும் கை வைக்க முடியாத கட்டத்துக்கு வேலையைக் கொண்டுபோன பிறகுதான் காட்டுகிறோம். முடிந்த வேலையைக் காட்டுவது விமர்சனம் கேட்பது ஆகாது. அது மொய் எதிர்பார்ப்பது. பார்க்கிறவனுக்கும் அது தெரியும். மூக்கு கோணலாக இருக்கிறது என்று இந்த நேரத்தில் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று "சூப்பர்டா" போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். அவன்மேல் தப்பில்லை.

ஏன் திருத்த முடியாது, மென்பொருளில்தானே இருக்கிறது என்று வெளியாட்கள் கேட்பார்கள். முடியும்தான். பாலிகன் என்பது உருவத்தின் மேற்பரப்பை ஆக்கும் குட்டிக் கட்டம். 20,000 பாலிகனில் தொடங்குகிற தலை, ஒவ்வொரு நிலை ஏறும்போதும் நாலு மடங்காகும். ஐந்தாம் நிலைக்குப் போனால் 51 லட்சத்தைத் தாண்டும். அந்த உயரத்தில் நின்றுகொண்டு தாடையை இழுத்தால் பிசைந்த மாவுபோலக் கட்டிகட்டியாக வரும். அடிநிலைக்கு இறங்கித்தான் இழுக்க வேண்டும். இசட்பிரஷ் ஆகட்டும், பிளெண்டர் ஆகட்டும், இரண்டிலும் இறங்கலாம், மென்பொருள் தடுக்காது. ஆனால் மேலே நட்ட முடி, தீட்டிய நிறம், கொடுத்த தோரணை எல்லாமே கூடச் சேர்ந்து கலையும். கலைக்க மனசு வராது. "டெக்ஸ்சர்ல சரி பண்ணிக்கலாம்", அதாவது மேலே பூசுகிற நிறப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

நான் கலைத்தேன். வீரம் ஒன்றும் இல்லை, அந்தக் கேள்விக்கு அப்புறம் அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. புதிதாக ஒரு உருண்டையிலிருந்து தொடங்கினேன். இந்த முறை சாம்பல் நிறக் கட்டியாக இருக்கும்போதே, கண்ணுக்குப் பதில் ரெண்டு கோலிக்குண்டு வைத்த நிலையிலேயே குழுவில் காட்டினேன். ஒரே ஒரு நிபந்தனை: எப்படிச் சரிசெய்வது என்று யாரும் சொல்லக் கூடாது, எங்கே உறுத்துகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை நானும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த ரெண்டாவது பாதிதான் கொடுமை. "இல்லடா, அது எதுக்குன்னா..." என்று நாக்கு நுனிவரை வந்துவிடும்.

ஒருத்தன் முகம் ரொம்பப் பெரிசு என்றான். இன்னொருத்தன் கழுத்து தடியாக இருக்கிறது என்றான். மூன்றாமவன் நிபந்தனையை மறந்து, மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கு என்றான். பழைய நானாக இருந்தால் மூன்றையும் வரிசையாகச் செய்து முடித்து, மூக்கில்லாத ஒரு பொம்மையோடு நின்றிருப்பேன். மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று தோன்ற ஒரு முழு நாள் ஆனது. மாடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழுக்கக் கறுப்பாக்கி, நிழலுருவத்தை மட்டும் பார்த்தேன். பின்மண்டையைக் காணோம்! பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியிலிருந்து பின்மண்டை வரையிலான ஆழம் தலையின் உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். காது அதன் நடுக்கோட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். நான் முகத்தையே பார்த்து முகத்தையே செய்ததில், பின்பக்கம் சுவரில் சாய்த்துவைத்ததுபோலத் தட்டையாகிவிட்டது. இழுத்து நகர்த்தும் கருவியான மூவ் பிரஷ்ஷைப் பெரிதாக்கி மண்டையைப் பின்னால் இழுத்தேன், காதையும் கொஞ்சம் தள்ளினேன். பத்து நிமிட வேலை. மூக்கு தானாகச் சின்னதாயிற்று, கழுத்து மெலிந்தது. மூக்கைத் தொடவே இல்லை.

அதிலிருந்து ஒரு கருத்து எனக்குப் பிடிபட்டது, இன்றுவரை அதில் மாற்றமில்லை. வலி இருப்பதைப் பற்றிச் சக மாணவன் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். மருந்து பெரும்பாலும் தப்பாக இருக்கும். உறுத்தலை நம்பலாம், யோசனையை அப்படியே விழுங்கக் கூடாது.

கேமரா விஷயமும் அப்படித்தான் வெளியே வந்தது. "நீ எடுத்த ஸ்கிரீன்ஷாட்ல நல்லா இருக்கு, ரெண்டர்ல தட்டு மாதிரி ஆயிடுது" என்றாள் அதே தோழி. நான் அகலக் கோணக் கேமராவில் வைத்தே செதுக்கிக்கொண்டிருந்தேன். அகலக் கோணம் மூக்கை ஊதிக் காட்டும், காதைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டும். அந்தப் பொய்யைக் கண் சரிசெய்யப் பார்க்கும், கை மூக்கை அமுக்கிவிடும். ரெண்டருக்கு 85 மி.மீ. லென்ஸ் வைத்ததும் பொய் விலகி, அமுக்கிய மூக்கு மட்டும் மிஞ்சும். இப்போது முதல் நாளே குவியத்தூரத்தை வைத்துவிட்டுத்தான் மற்றது எல்லாம்.

கண் பற்றியும் சொல்ல வேண்டும். "செத்துப்போன கண்ணு" என்றார்கள். கருவிழிக்கு நிறம் வந்தால் உயிர் வரும் என்றேன். அன்றைக்கு வாயை மூடும் விதியை மீறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் ஊதோன் ஞாபகம் வந்தார், 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிற்பி. அவருக்கு ஏது டெக்ஸ்சர்? வெள்ளைப் பளிங்கிலேயே கருவிழியை ஆழமாகக் குடைந்து, நடுவில் ஒரு துணுக்குக் கல்லை மட்டும் விட்டுவைப்பார். அதில் ஒளி பட்டால் பார்வை பிறக்கும். என் கிழவிக்குக் குறை நிறத்தில் இல்லை, இமையில்தான். மேலிமைக்குத் தடிமனே கொடுக்கவில்லை, காகிதம் மாதிரி இருந்தது. மேலிமையின் வளைவு மூக்குப் பக்கமாக உச்சி தொட வேண்டும், கீழிமையின் தாழ்வு வெளிப்பக்கமாக விழ வேண்டும். நான் ரெண்டையும் நடுவில் வைத்துப் பாதாம் பருப்பு வரைந்திருந்தேன். திருத்தியபின் சாம்பல் நிறத்திலேயே என்னை முறைத்தாள்.

குழுவில் ஒருத்தன் சிற்பமே செய்வதில்லை, ரிக்கிங் படிக்கிறான், உருவம் அசைவதற்கு உள்ளே எலும்புக்கூடு பொருத்துகிற வேலை. முதலில் அவனைச் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவன் அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இந்த வாய் திறக்குமா?" என்று மட்டும் கேட்டான். வாயைச் சுற்றி எட்ஜ் லூப், அதாவது பாலிகன் விளிம்புகளின் வரிசை, வளையம் வளையமாகப் போகாவிட்டால் பேசும்போது உதடு கிழிந்த துணிபோல இழுபடும். அதை ரீடோபாலஜியில்தான், பாலிகன்களை ஒழுங்காகத் திரும்ப அடுக்கும் கட்டத்தில்தான், பார்ப்போம் என்று விட்டிருந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வயர்ஃபிரேமையும், அதாவது அந்தப் பாலிகன் கோடுகள் தெரியும் படத்தையும், கேட்பார்கள், அழகான ரெண்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை.

இதற்கெல்லாம் மறுபக்கம் இல்லாமல் இல்லை. ஒரே வகுப்பில் படிக்கிறவர்களுக்குக் குருட்டுப் புள்ளியும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் ஐந்து பேருக்கும் வழவழப்பான பெரிய கண் முகங்கள்மேல் ஒரு மோகம், ஒருத்தர் வேலையை ஒருத்தர் அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தோம். ஸ்கிரீன்ஷாட்டின் மேலேயே வரைந்து காட்டுகிற பழக்கம் இதை இன்னும் மோசமாக்கும் என்பது என் எண்ணம். ஒருமுறை புரிய வைக்க உதவும், சரி. பழக்கமாகிவிட்டால் குழுவில் யார் நன்றாக வரைகிறாரோ அவர் முகமே ஐந்து போர்ட்ஃபோலியோவிலும் வந்து உட்கார்ந்துவிடும். எங்களுக்குக் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அப்புறம்தான் மண்டையோட்டுப் படமோ, நிஜ மனிதரின் புகைப்படமோ பக்கத்தில் இல்லாமல் யார் வேலையையும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

நோக்கத்தைக் கேட்காமல் அளவுகோலை எடுப்பதும் ஒரு வியாதி. மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய டேவிட்டை எங்கள் குழுவில் போட்டிருந்தால் முதல் கருத்து "தலை பெரிசு, வலது கை அதைவிடப் பெரிசு" என்றுதான் வந்திருக்கும். கருத்து உண்மைதான், பெரிசுதான். 5 மீட்டரைத் தாண்டிய அந்தச் சிலையை முதலில் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மேல்மட்டத்தில் நிறுத்தத்தான் திட்டமிட்டார்கள், கீழிருந்து பார்ப்பவருக்காக அப்படிச் செய்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனவே இப்போது முதல் கேள்வியே "எங்கிருந்து பார்க்கணும், என்ன தெரியணும்?" என்பதுதான். அதற்காக, உடற்கூறு தெரியாமல் போட்ட தோளை "ஸ்டைல்" என்று சாதிக்கிறவர்களை விட்டுவிடுவதும் இல்லை.

அடுத்தவர் வேலையைப் பார்த்துச் சொன்னதில் நான் கற்றது, என் வேலைக்குக் கேட்டதில் கற்றதைவிட அதிகம். "ஏதோ சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது, இடம் காட்ட வேண்டும். ஒருத்தனின் படைவீரன் நிற்கிற விதம் உறுத்தியது. காரணம் தேடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கணுக்கால்! உள்பக்கக் கணு வெளிப்பக்கத்தைவிட உயரமாக இருக்கும், அவன் ரெண்டையும் ஒரே மட்டத்தில் வைத்திருந்தான். சொல்லிவிட்டு என் பழைய கோப்புகளைத் திறந்தேன். பதினொரு பாத்திரம், பதினொன்றிலும் கணு ஒரே மட்டத்தில். போர்ட்ஃபோலியோவில் இப்போது நாலுதான் மிச்சம்.

கிழவி இன்னும் முடியவில்லை. நேற்று ரெண்டாம் நிலையில் காட்டினேன். சிரிப்புக் கோடுகள் பரவாயில்லை என்றாள் தோழி. ரிக்கிங்காரன்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலையை இடது பக்கம் திருப்பியிருக்காங்க, ஆனா கழுத்துக்கு அது தெரியலையே" என்றான். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்குகிற தசை, இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கத்தில்தான் கயிறுபோலப் புடைக்கும். நான் ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் தானாகச் செய்யும் சிமெட்ரியை அணைக்காமலே கழுத்தைச் செய்திருக்கிறேன், ரெண்டு பக்கமும் புடைத்து நிற்கிறது. கோப்பைத் திறந்து முதல் நிலைக்கு இறங்கியாயிற்று.