பதிவேடு வாயில் இருந்த காலம்

1873ல் லண்டனில் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் தொடங்கி, மறுவருடமே தாய், தகப்பன் பெயரோடு பதிவேடு அச்சிட்டார்கள், அதனால்தான் அங்கே வேட்டை நாய் இனங்கள் கலக்காமல் நிற்கின்றன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உண்மைதான். எங்கள் வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் பக்கம் அந்தப் பதிவேடு பெரியவர்கள் வாயில் இருந்தது. குட்டி எடுக்கப் போனால் நைனா முதலில் கேட்பது, "இதோட தாய் யார் வூட்டுது?" அப்புறம்தான் கையில் தூக்கி முதுகுத்தண்டைக் கட்டைவிரலால் நீவுவார். நெஞ்சு இறங்கியிருக்கணும், வயிறு ஒட்டி மேலேறியிருக்கணும். நிறமெல்லாம் கடைசி.

1972 வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்றது. நிற்கவேண்டியதுதான், ஜவ்வாது மலையில் மிச்சமிருப்பதாவது பிழைக்கட்டும். ஆனால் நாய்க்கு ஓட்டம் போனதோடு அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் நம்மிடமிருந்து போய்விட்டது. இன்று ஒல்லியாக நீளமூக்கோடு எது இருந்தாலும் சிப்பிப்பாறை இன வேட்டை நாய் என்று விற்கிறார்கள்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னையில்தான் இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்தலையே வந்தது. நாம்தான் எழுதி வைப்பதில்லை. போன பங்குனியில் எங்கள் கன்னி இன நாய் ஆறு குட்டி போட்டாள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, தாய், தகப்பன், எந்தக் குட்டி எந்த ஊருக்குப் போனது, எல்லாம் எழுதியிருக்கிறேன். நாய் வளர்க்கும் வேலூர்க்காரர்கள் தயவுசெய்து இதையாவது செய்யுங்கள்.