பிடி கொடுக்காத பேச்சு

தேர்தல் மேடைகளில் பொய்யைவிட எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது வெற்றுப் பேச்சுதான். பொய் சொன்னவரை என்றைக்காவது பிடித்துவிடலாம். ஒன்றுமே சொல்லாதவரை எதை வைத்துப் பிடிப்பது?

"இளைஞர்களின் வேலைவாய்ப்பைப் பெருக்க உரிய நடவடிக்கைகள் விரைவில் எடுக்கப்படும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, யார் எடுப்பார்கள்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. விரைவில் என்றால் ஆறு மாதமா, ஐந்து வருடமா? எது உரியது என்று முடிவு செய்வது யார்? பதவிக்காலம் முடிந்தபின் வந்து "சொன்னதைச் செய்தோம்" என்றால் நம்மால் மறுக்க முடியாது. ஒரு பயிற்சி முகாம் நடத்தியிருந்தால்கூட அதுவும் நடவடிக்கைதானே. அந்த வசதிக்காகவே இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். "மக்கள் நலன் எங்களுக்கு முக்கியமில்லை" என்று எந்த வேட்பாளராவது ஓட்டுக் கேட்பாரா? மாட்டார். அப்படியானால் "மக்கள் நலனே முக்கியம்" என்பதிலும் கொள்கை எதுவும் இல்லை. "பெரும் பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டி அரசு மருத்துவமனைகளுக்குச் செலவிடுவோம்" என்று ஒருவர் சொல்லட்டும், உடனே பாதிப் பேர் கைதட்டுவார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை நடக்கத்தானே தேர்தல்?

தெளிவாகப் பேசியவர்கள் பட்ட பாட்டையும் அரசியல்வாதிகள் பார்த்திருக்கிறார்கள். 1984-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் ரீகனை எதிர்த்து நின்ற வால்டர் மாண்டேல், ரீகன் வந்தாலும் வரி கூடும், நான் வந்தாலும் கூடும், அவர் சொல்லமாட்டார், நான் சொல்லிவிட்டேன் என்று மேடையிலேயே பேசினார். 50 மாநிலங்களில் 49-இல் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அடுத்து வந்தவர்களுக்கு இந்த ஒரு பாடமே போதுமானதாக இருந்திருக்கும்.

அதற்காக மழுப்பலை ஏற்க முடியாது. பிரிட்டனில் 2010 தேர்தலின்போது லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். கூட்டணி ஆட்சியில் சேர்ந்த அதே ஆண்டில் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் முடிவுக்கு அந்தக் கட்சித் தலைமை துணைபோனது. 2010-இல் 57 இடங்களை வென்ற கட்சி 2015-இல் 8 இடங்களுக்குச் சுருங்கியது. மாணவர்கள் கையில் எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்ததால்தான் அந்தக் கட்சியால் தப்பிக்க முடியவில்லை. "கல்வி அனைவருக்கும் எட்டும்படி பாடுபடுவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் என்ன கேட்டிருக்க முடியும்?

அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: இதற்குப் பணம் எங்கிருந்து வரும், அதற்காக எதைக் குறைப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவர் எனக்குப் பிடிக்காத கட்சிக்காரராக இருந்தாலும், அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்பேன்.