வேளாங்கண்ணி நடைக்கு சமையல் வண்டி வேண்டாம்

இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது கூடவே ஒரு டாடா ஏஸ் வண்டியில் சமையல்காரர், கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் வரட்டும் என்று எங்கள் குழுவில் பேச்சு ஓடுகிறது. தலைக்கு 2,000 ரூபாய் கூடுதலாகப் போட்டால் போதுமாம், வேளாவேளைக்குச் சூடான சாப்பாடு கிடைக்குமாம், வழியில் யார் கையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாமாம். வாட்ஸ்அப்பில் பாதிப்பேர் சரி என்று போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. காரணத்தை அங்கே எழுதினால் நீண்டுவிடும், அதனால்தான் இங்கே.

காசிமேட்டிலிருந்து ஏழு வருஷமாக நடக்கிறேன். ராயப்பர் கோயிலில் ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பினால், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர ஒன்பது பத்து நாள் ஆகும், 300 கிலோமீட்டருக்கு மேல். மீன் கூடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், அந்த நாட்களில் மீன், கறி எதையும் தொடமாட்டோம். முதல் நாள் எல்லார் பையிலும் வீட்டுப் புளிசாதம் இருக்கும், அவரவர் பொட்டலத்தை அவரவர் பிரித்துச் சாப்பிடுவோம். மரக்காணம் வருவதற்குள் அதெல்லாம் காலியாகி, வழியில் யாராவது கொடுத்தால்தான் உண்டு என்ற நிலைக்கு வந்துவிடுவோம். அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது காலை ஒன்பதரை இருக்கும், தார் ரோடு சுட ஆரம்பித்துவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில் ஓர் அக்கா அலுமினியக் குண்டானோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், கையெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. கேழ்வரகுக் கூழ். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, “பத்து பேருக்குத்தான் கரைச்சேன், நீங்க இத்தினி பேர் வரீங்களே” என்று பதறிப் போனார். நாங்கள் 22 பேர். ஆளுக்கு அரை டம்ளர் என்று பிரித்தோம், கூடவே ஆளுக்கு ரெண்டு சின்ன வெங்காயம். ஏலப் பணத்தில் வந்த தகராறால் ரெண்டு வருஷமாக என்னோடு பேசாமல் இருந்த என் கொழுந்தனார், தன் பங்கு வெங்காயத்தை எடுத்து என் தட்டில் போட்டு, “சாப்புடு அண்ணி” என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுப் பெரியவர்கள் எத்தனை முறை உட்கார வைத்துப் பேசியும் நடக்காதது அது.

அந்த அக்கா கூழோடு விட்டாரா? என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஊசியில் நூல் கோர்த்துக் கொப்புளத்துக்குள் விட்டு நீரை இறக்கி, தேங்காய் எண்ணெய் தடவினார். நான் கூசிப்போய்க் காலை இழுத்தேன், விடவில்லை. காசு நீட்டினோம், தொடவில்லை. “மாதாகிட்ட என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திடும்மா” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதே மரத்தடியில் இருக்கிறார். இப்போது 25 பேருக்குக் கரைக்கிறார்.

வண்டியில் சோறு தயாராக இருந்தால் அந்த மரத்தடியில் நிற்போமா? கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம். அவர் விடியற்காலையில் எழுந்து கரைத்த கூழ் என்ன ஆவது?

அந்த அக்கா மட்டுமில்லை. நாகூரில் வாடா என்கிற இறால் பலகாரம் சுடும் ஒரு பாய் கடை. நாங்கள் விரதம் என்று தெரிந்து, போன வருஷம் இறால் வைக்காமல் தனியாகச் சுட்டுக் கொடுத்தார். எண்ணெய்ச் சட்டியையே மாற்றினார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

யார் கையையும் எதிர்பார்க்காமல் போவது மரியாதை என்கிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வேளாங்கண்ணிக் கதை நமக்குத் தெரியாததா? நடுத்திட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த நடக்க முடியாத பையனிடம் தன் பிள்ளைக்கு மோர் கேட்டு வாங்கியவள் மாதா. அதற்கு முன்னால் குளத்தங்கரையில் பால்காரப் பையனிடம் பால் கேட்டவளும் அவள்தான். பெற்ற தாயாக நின்று கேட்டாள், அவர்களும் இருந்ததைக் கொடுத்தார்கள். அவளைப் பார்க்கப் போகிற நமக்கு ஒரு டம்ளர் கூழை வாங்கிக் குடிக்க என்ன கௌரவக் குறைச்சல்?

சர்க்கரை நோய் இருப்பவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அது நியாயம். அவர்களுக்கு பிஸ்கட், பழம், மாத்திரை தனிப் பையில் எடுத்துக்கொள்வோம், நானே சுமக்கிறேன். அப்புறம், ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கட்டாயம். அன்போடு கொடுக்கிற ஊரில் பேப்பர் தட்டைப் போட்டுவிட்டு வருவது பெரிய பாவம், போன வருஷம் நம் ஆட்களும் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூடிப் பேசுகிறோம், இதையேதான் அங்கும் சொல்வேன். உப்பளத்து அக்காவுக்கென்று நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ காயப்போட்டிருக்கிறேன். நாங்கள் விரதமாக இருந்தாலும் பரவாயில்லை, பையின் அடியில் நன்றாகச் சுற்றி வைத்து எடுத்துப் போவேன்.