கொள்ளையடிச்ச காசை வட்டிக்குக் குடுக்கிற வீரர்கள்

மாரி மழையோட தொடங்கின விளையாட்டு இது. ஞாயிறு பின்னேரங்களில கொக்குவிலில எங்கட வீட்டு விறாந்தையில அஞ்சு பேர், ஒரு பழைய மேசை, தேத்தண்ணி, ரொறன்ரோவில இருந்து வந்த மச்சான் கொண்டந்து தந்த இருபது முக டைஸ். அம்மா அதை உருட்டிப் பாத்திட்டு, இதென்ன தாயக்கட்டை வீங்கிப்போச்சோ எண்டு கேட்டவ.

கனபேர் இன்பொக்ஸில கேட்டிட்டினம், வாளும் மந்திரமும் வாற அந்தக் காலத்துக் கதையளை மேசையில விளையாடுற ரோல்பிளேயிங் கேமா எப்பிடி மாத்துறது எண்டு. ஒருத்தர் கதையை நடத்த, மற்றவை ஆளுக்கொரு பாத்திரமா நிண்டு, டைஸ் உருட்டி முடிவு பாக்கிற ஆட்டம் அது, எங்கட மேசையில நடத்திறது நான். எல்லாரும் முதல் செய்யிற வேலை கதாநாயகனுக்கு நம்பர் போடுறது, பலம் பதினெட்டு, ஹிட் பொயின்ட், அதுதான் எவ்வளவு அடி தாங்குவான் எண்ட கணக்கு, இவ்வளவு எண்டு. என்னைக் கேட்டா அது வீண் வேலை. 1980இல, இந்த வகைக் கேமுகளில பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரர் தெய்வங்களுக்கெண்டே ஒரு புத்தகம் போட்டவை, அதில ஃபிரிட்ஸ் லைபர் எண்ட எழுத்தாளரின்ர கதையளில வாற ரெண்டு கள்ளரும் இருக்கினம், மூர்கொக் எண்டவரின்ர கதைவீரன் எல்ரிக்கும் இருக்கிறான், அதே புத்தகத்தில கார்த்திகேயனுக்கும் ஹிட் பொயின்ட் போட்டிருக்கு. நல்லூர்க் கந்தனுக்கு ஹிட் பொயின்ட்! தேர் இழுக்கேக்க டைஸ் உருட்டுறதோ? நம்பரால ஒரு ஆளைப் பிடிக்கேலாது எண்டதுக்கு இதைவிட வேற சாட்சி எனக்குத் தேவையில்லை.

அமெரிக்க எழுத்தாளர் றொபேட் ஹவார்டின்ர, கொனன் எண்ட காட்டுமிராண்டி வீரன் வாற கதையளை எடுங்கோ. முதல் கதை 1932 டிசம்பரில வியர்ட் ரேல்ஸ் சஞ்சிகையில வந்தது, அதில ஆள் ஏற்கனவே ராசா. அடுத்தடுத்த மாசங்களில வந்த கதையளில பாத்தா இளந்தாரிக் கள்ளன், பிறகு கடற்கொள்ளைக்காரன், கூலிப்படைக்காரன். வரிசையே இல்லை. போன முறை கோடி காசு எடுத்தவன் இந்த முறை வயிறு காஞ்சு நிக்கிறான், எப்பிடிப் போச்சு எண்டு ஆரும் விளக்கம் சொல்லுறேல்ல. எங்களுக்கு இது பெரிய வசதியாப் போச்சு, ஏனெண்டா அஞ்சு பேரும் ஒருமிக்க வாற ஞாயிறு கிடையாது, ஒருத்தனுக்கு அந்திரட்டி, ஒருத்தனுக்குக் கலியாணவீடு, அதால ஒவ்வொரு கிழமையும் புதுக்கதை, வராதவன் சிறையில இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டு விளையாடலாம்.

ஆனா அந்த வெறுங்கை இருக்கெல்லோ, அதுதான் இந்தக் கதையளின்ர உயிர் எண்டு நான் நினைக்கிறன். உலகத்தைக் காப்பாத்த வெளிக்கிட்ட ஆக்கள் இல்லை இவை. வாடகை குடுக்கக் காசில்லாம வெளிக்கிட்ட ஆக்கள். 1974இல வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில இதுக்கு அரைவாசி விடை இருந்தது, கொண்டுவாற ஒவ்வொரு தங்கக்காசுக்கும் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் பொயின்ட், அது சேரச்சேரத்தான் பாத்திரம் பலமாகும். அந்தக் கேமைச் சேந்து செய்த டேவ் ஆர்னெசன் தன்ர பிளாக்மூர் ஆட்டத்தில இன்னும் ஒரு படி மேல போனவர், காசு கிடைச்சாப் போதாது, அதைச் செலவழிச்சு அழிச்சாத்தான் பொயின்ட். இதைவிடக் கெட்டித்தனமான ரூல் நான் காணேல்ல. காசை அழிச்சாத்தானே அடுத்த கிழமை திரும்பக் களவுக்குக் கோபுரம் ஏற வேணும்.

சரி, இதை யாழ்ப்பாணத்தில ஓட்டிப் பாத்தன். அங்கதான் பிடிபட்டுது.

முதல் கொள்ளையில ஆளுக்கு எண்ணூறு தங்கக்காசு. இப்ப குடிச்சு, சூதாடி, அழிக்க வேணும் எண்டு நான் சொல்லுறன், பாங்க்கில வேலை செய்யிற சிநேகிதன் கொப்பியைத் திறந்து வச்சுக் கணக்குப் பாக்கிறான். "அண்ணை, இந்த ஊரில காணி பரப்பு என்ன விலை போகுது?" காட்டுமிராண்டி வீரன் கேக்கிற கேள்வியே இது? மற்றவன் சத்திரக்காரனுக்கு வட்டிக்குக் குடுக்கப்போறானாம். மூண்டாவது ஆள் சீட்டுப் பிடிப்பம் எண்டுது, மாசம் நூறு காசு, கழிவு எவ்வளவு எண்டு அரை மணித்தியாலம் வாக்குவாதம். மூண்டு கிழமையில எங்கட கள்ளர்கூட்டம் ஒரு பினான்ஸ் கொம்பனி. ஒருத்தரும் நிலக்கீழ் அறைக்குள்ள இறங்கத் தயாரில்லை, ஏன் இறங்க வேணும், வட்டி வருதுதானே.

மந்திரத்தில இந்தக் கரைச்சல் வரேல்ல. கேமில மந்திரவாதி காலமை பாடமாக்கிப் பின்னேரம் எறியிற மாதிரி இருக்கிறது ஜாக் வான்ஸ் எண்ட எழுத்தாளரின்ர கதையளில இருந்து வந்தது, 1950இல வந்த புத்தகத்தில ஒரு மந்திரவாதியின்ர மண்டைக்குள்ள பெரிய மந்திரமெண்டா நாலு, சின்னனெண்டா ஆறுதான் கொள்ளும். அது ஒரு வடிவான கற்பனை. ஆனா ஹவார்டில மந்திரம் எங்கட கையில இருக்கிற சாமான் இல்லை, எதிராளி வீட்டுக்குள்ள புகையிற சாமான். நான் ரூல்புக்கை மூடிப்போட்டு "செய்வினை எண்டு நினையுங்கோ" எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னனான். வேலிக்கரையில தகடு தாட்டிருக்கு எண்டதும் ஒருத்தரும் கிட்டப் போகேல்ல. பாங்க்காரன், கம்பஸில விஞ்ஞானம் படிச்சவன், கழிப்புக் கழிக்க ஆள் தேடுறான்.

ஹவார்டின்ர யானைக் கோபுரத்துக் கதையையும் ஓட்டினன், 1933இல வந்தது. இளம் கொனன் பெரிய மாணிக்கம் களவெடுக்க ஒரு கோபுரம் ஏறுவான், உள்ள இருக்கிறது யானைத்தலையோட ஒரு சீவன், கண் பறிச்சு, சித்திரவதை செய்து, ஒரு மந்திரவாதி அடைச்சு வச்சிருக்கிறான். கதை தெரியாத எங்கட ஆக்களுக்கு அந்த உருவத்தை நான் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டு வாறன், தும்பிக்கை எண்டதும் மருமகளின்ர கை தன்பாட்டில தலைக்குப் போகுது, குட்டுறதுக்கு. அண்டைக்கு ஒருத்தரும் மாணிக்கத்தின்ர விலை கேக்கேல்ல. கதையிலயும் கொனன் வெறுங்கையோடதான் வெளிய வருவான், கோபுரம் பின்னால உடைஞ்சு விழும். டெக்சஸில இருந்து எழுதின மனிசனுக்கு கொக்குவிலில இப்பிடி ஒரு மேசை வரும் எண்டு தெரிஞ்சிருக்காது.

அப்பிடியிருந்தும் அடுத்த ஞாயிறு திரும்பச் சீட்டுக் கணக்கு. நான் அலுத்துப்போய், எங்கட சனத்துக்கு இந்தக் கேம் சரிவராது, காசு அழிக்கிறது எங்கட ரத்தத்தில இல்லை எண்டு புறுபுறுத்தன். மருமகள் சிரிக்கிறாள். "மாமா, போன மாசம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனனாங்களெல்லோ, ட்ரோனும் விட்டு குதிரை வண்டியும் பிடிச்சு. அவையென்ன வேற ஆக்களோ?"

எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி இருந்தது. நான் குடியையும் சூதையும் புத்தகத்தில இருந்து அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறன், எங்கட ஆக்கள் உதில அழிக்கமாட்டினம், மானத்துக்கு அழிப்பினம். உடன லைபர்தான் ஞாபகம் வந்தவர். அவற்ற லாங்க்மார் நகரத்தில கடவுள்மாரின்ர தெரு எண்டு ஒண்டு இருக்கு, புதுச்சாமியள் கீழ்முனையில கடை விரிச்சு, காணிக்கை கூடக்கூட மேல ஏறும், குறைஞ்சா திரும்பக் கீழ. 1959இல எழுதின கதையில ரெண்டு கள்ளரும் வங்குரோத்து, ஒருத்தன் ஒரு ஏழைச்சாமிக்குத் தொண்டனாப் போறான், மற்றவன் அந்தத் தெருவில கப்பம் வாங்கிறவனிட்டை வேலைக்கு நிக்கிறான். இதை யாழ்ப்பாணத்தான் எழுதேல்ல எண்டு சொன்னா நம்பேலாது.

இரவோட இரவா செலவழிக்கிற பட்டியலை மாத்தி எழுதினன். திருவிழா உபயம், மேளம் எத்தினை கூட்டு, எதிர்ப்பகுதி போன வருசம் எத்தினை கூட்டு, வாணவேடிக்கை, சிகரம், சாமத்திய வீடு. செலவழிக்கிற காசுக்கு அப்பிடியே பொயின்ட், எதிர்ப்பகுதியை வெண்டா இரட்டிப்பு.

பாங்க்காரனுக்கு அண்டைக்கு மூவாயிரம் காசு கையில. எதிர்ப்பகுதி எட்டுக் கூட்டு மேளம் எண்டு நான் சொன்னதுதான் தாமதம், ஆள் கொப்பியை மூடிட்டான். பன்னிரண்டு கூட்டு. காசு காணேல்ல. சீட்டை எடுத்தான், காணியை ஈடு வச்சான், அதுவும் காணாமல் மேசைக்கு அங்கால இருந்தவனிட்டை அஞ்சு வட்டிக்கு வாங்கினான்.

வாற ஞாயிறு நிலவறைக் கிணத்துக்குள்ள இறங்கிறம். முதல் ஆளா அவன்தான் கயிறு கட்டுறானாம்.